திறக்காத களத்தில் என் நெல்

அன்று அங்கே இருந்தது நான், என் வீட்டுக்காரர், காண்ட்ராக்டர், பிறகு வந்த எம்.எல்.ஏ., கூடவே கட்சிக்காரர்கள்.

திருக்காட்டுப்பள்ளி பக்கம் எங்கள் ஊரில், எம்.எல்.ஏ. நிதியில் கட்டிய உலர்களத்துக்குத் திறப்பு விழா. மழையில் நனைந்த நெல் முளைத்துவிடுமே என்ற பயத்தில், காலையிலேயே அதில் கொட்டிப் பரப்பிவிட்டேன்.

“ஏம்மா, இன்னும் திறக்கவே இல்ல. அள்ளும்மா, பந்தல் போடணும்!” என்றார் காண்ட்ராக்டர்.

“அள்ளிடு, நமக்கு எதுக்கு வம்பு?” என்றார் வீட்டுக்காரர்.

எட்டாவதோடு நின்றவள் நான். வெள்ளை வேட்டிக் கட்சிக்காரர்களைக் கண்டாலே பயம். அன்றும் பயம்தான். ஆனாலும் எம்.எல்.ஏ. காரிலிருந்து இறங்கியதும் சொல்லிவிட்டேன்: “ஐயா, நெல்லு காயத்தானே கட்டுனீங்க? காயுது. வேணும்னா செருப்போட மிதிச்சுக்கிட்டு வாங்க.”

ஒருத்தரும் நெல்லில் கால் வைக்கவில்லை. அவர் ரோட்டிலேயே நின்று ரிப்பனை வெட்டினார்.

பயம் இன்னும் போகவில்லை. ஆனால் தீப்பெட்டி வாங்கும்போதுகூட நானும் வரி கட்டுகிறேன்; களம் கட்டியதும் அந்தப் பணத்தில்தானே. அந்தக் களத்தில் நெல் கொட்ட இப்போது யாரிடமும் அனுமதி கேட்பதில்லை.