தானாக ஓடும் கடிகாரம்

முட்டி தேய்ந்துபோன கண்டக்டரை டிப்போவில் பஸ் கிளம்பும் நேரம் பார்க்கும் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். நேரம் வந்தால் விசில் ஊத வேண்டும், அவ்வளவுதான் வேலை. அவர் கையில் இருந்தது சாவி கொடுக்கத் தேவையில்லாத கடிகாரம். இத்தனை வருஷத்தில் அது அவரை ஏமாற்றியதில்லை. அதனால் ஒரு காலையில் சுவர்க்கடிகாரம் அதைவிட முன்னால் ஓடுவதைப் பார்த்ததும், ஸ்டூலில் ஏறிச் சுவர்க்கடிகாரத்தைத் தன் கைக்குச் சமமாகத் திருப்பி வைத்துவிட்டார்.

அன்று முதல் பஸ்ஸிலிருந்தே எல்லாம் தாமதமாகப் போயின. மேலாளர் கூப்பிட்டு, இன்னொரு தடவை இப்படி நடந்தால் வீட்டிலேயே ஓய்வெடுக்கலாமே என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் உறைத்தது.

சாயங்காலம் கடிகாரக் கடைக்குப் போனார். கடைக்காரர் மூடியைக் கழற்றி, லென்ஸை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"வாட்ச்சுல ஒரு கோளாறும் இல்லண்ணே. நீங்க இப்ப உக்கார்ற வேலையா?"

ஆமாம் என்றார்.

"அதான். தானா ஓடுற வாட்ச்சுன்னு ஒண்ணு கிடையாது. டிக்கெட் கிழிச்சு, கம்பியைப் பிடிச்சு, உங்க கைதான் நாள் முழுக்க சாவி கொடுத்திருக்கு."

மிச்சத்தையும் அவரே விளக்கினார். உள்ளே இருக்கும் சுருள்வில் முழுக்க முறுக்கேறினால் ஒரு ராத்திரியைத் தாண்டியும் தாங்கும். அரை வயிற்றோடு கழற்றி வைத்தால் விடிவதற்குள் நின்றுவிடும். காலையில் கட்டியதும் கை ஆடும், முள் மறுபடி ஓடும். நடுவில் நின்றது மட்டும் யாருக்கும் தெரியாது.

கண்டக்டர் வீடுவரை நடந்தே போனார். ஓடியதெல்லாம் கடிகாரத்தின் குணம் என்றே இதுவரை நினைத்திருந்தார். உழைப்பு தன்னுடையது என்று தெரிந்ததில் பெருமைப்படலாம்தான். ஆனால் உழைப்பு நின்றதும் குற்றத்தைச் சுவர்மேல் அல்லவா போட்டிருக்கிறார்?

மறுநாள் விடிந்ததும் ரேடியோவில் நேரம் பார்த்து முள்ளைத் திருத்தி, கட்டிலில் உட்கார்ந்து கடிகாரத்தின் பக்கத்துத் திருகைச் சுற்றிச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார். மனைவி எட்டிப் பார்த்தாள்.

"அப்படியே என் இடுப்புக்கும் நாலு சுத்து சாவி கொடுங்க."

டிப்போவில் எல்லோரும் பார்க்க ஸ்டூலில் ஏறினார். முட்டி கடகடத்தது. சுவர்க்கடிகாரத்தைச் சரியான நேரத்துக்கு நகர்த்தினார். முதல் பஸ்ஸின் டிரைவர் ஜன்னல்வழியே தலையை நீட்டினார்.

"என்ன மாமா, இன்னைக்கு எது சரி? சுவரா, கையா?"

"சுவர்தான் சரி. நேத்தும் அதுதான் சரியா இருந்துச்சு."

சொல்லிவிட்டு விசிலை ஊதினார். பஸ் நேரத்துக்குக் கிளம்பியது.