தட்டிக்கேட்பான் போட்ட போடு

என் கொழுந்தனுக்குப் பெண் பார்த்துவிட்டு வந்தவர்கள், "பொண்ணோட அண்ணனை ஊர்ல தட்டிக்கேட்பான்னு கூப்புடுறாங்க" என்றபோதுதான் அந்தப் பெயரை முதலில் கேட்டேன். பெரிய சண்டியர் போலிருக்கிறதே என்று பயந்தேன். கல்யாணத்தில் பார்த்தால், நிமிர்ந்து பேசவே நடுங்குகிற மனுஷன். படகுப் பட்டறையில் வேலை. புரொப்பல்லரைச் சுத்தியலால் தட்டிக் காதை வைத்துக் கேட்பாராம், அதனால் அந்தப் பெயர். கணீரென்றால் நல்லது, டொக்கென்றால் உள்ளே விரிசல்.

ஒருமுறை கொழுந்தனின் படகு பாறையில் இடித்து, புரொப்பல்லரில் ஓர் இறக்கை வளைந்துவிட்டது. பட்டறையில் தட்டிக்கேட்பான் அதைத் தட்டினார். மற்ற இறக்கைகள் கணீரென்றன. வளைந்தது டொக்கென்றது. அவர் முகம் வெளுத்துவிட்டது.

"மாப்ள, இத நிமித்த வேணாம். புதுசு போட்டுடுவோம்."

"நிமித்திக் குடுங்க மச்சான், போதும். டொக்குன்னு கேட்டது உங்க நெஞ்சா இருக்கும்!"

பட்டறையே சிரித்தது. மறுநாள் அந்தப் படகில்தான் தட்டிக்கேட்பானின் தங்கை கைக்குழந்தையோடு அக்கரைக்குப் போவதாக இருந்தது. நடுத்தண்ணீரில் இறக்கை ஒடிந்தால், நீரோட்டம் படகை அதே பாறைக்குத்தான் இழுத்துப் போகும். கொழுந்தன் முறைத்துக்கொண்டு நின்றார். தட்டிக்கேட்பான் சுத்தியலை ஓங்கினார். கண்ணை இறுக மூடிக்கொண்டு அந்த இறக்கையில் ஒரே போடு போட்டார். அது ஒடிந்து தரையில் விழுந்தது. ஒடிந்த இடத்தில் பாதிக்குமேல் பழைய கறுப்பு விரிசல். கொழுந்தன் அதைத் தடவிப் பார்த்தார். புதுசு போட்டுத்தான் படகு கிளம்பியது.

தட்டிக்கேட்பான் இப்போது தங்கை வீட்டு மாடியில் குடியிருக்கிறார்; கூட்டிவந்து வைத்தது கொழுந்தன்தான்.