கடைசி இடத்து டீமும் எங்கள் சேவியரும்

எழுத்து கோணலாக இருக்கும். வரி மேலே ஏறும், கீழே இறங்கும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

சேவியர் போய்விட்டான். நேற்று மதியம். எங்கள் மெஸ்ஸில், நான் பக்கத்தில் இருக்கும்போதே.

இங்கே வளைகுடாவில் சோஹார் கேம்ப்பில் இருந்தவர்களுக்கு அவனைத் தெரியும். வெல்டர் சேவியர். தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர். ஐம்பதுகூட ஆகவில்லை.

போன வருஷம்தான் நான் எழுதக் கற்றுக்கொண்டேன். தாளில் எழுதிப் போட்டோ எடுத்து நம் குரூப்பில் போடுகிறேன். அவன் பெயரை எழுதுவது இதுதான் முதல் தடவை. அது இந்தச் செய்திக்கா...

பேஸ்பால் பைத்தியம் பிடித்துத் தூங்காமல் கிடந்து செத்தான் என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் சுற்றுகிறது. அவன் வீடு வரை போய்விட்டது. அதனால்தான் எழுதுகிறேன். மெஸ் சமையல்காரன் நான், கடைசியாக அவனுக்குச் சோறு போட்டவன்.

இந்தப் பைத்தியம் கிம் சாரிடமிருந்து வந்தது. எங்கள் சைட்டில் இருந்த கொரியா இன்ஜினியர். கோடையில் மதியம் வெயிலில் வேலை செய்யக் கூடாது என்று இங்கே சட்டம் உண்டு. எல்லோரும் மெஸ்ஸில் கிடப்போம். அந்த நேரம் கொரியாவில் சாயங்காலம், அவர் ஊர் டீமின் ஆட்டம் தொடங்கும். தண்ணீர் ஜக்கில் போனைச் சாய்த்து வைத்துப் பார்ப்பார்.

சேவியர் முதலில் ஆட்டத்துக்காகப் போகவில்லை. ஏசிக்கு நேர் கீழே அந்த இடம்தான்.

பிறகு கிம் சாரை விட இவன்தான் அதிகம் கத்தினான்.

ஒரு வெள்ளிக்கிழமை எங்களுக்கும் சொல்லிக்கொடுக்கிறேன் என்று கிளம்பினான். கேம்ப் முற்றத்தில் நான்கு மூலையிலும் காலி அரிசிச் சாக்கைப் போட்டான்; பந்தை அடித்தால் அதைச் சுற்றி ஓட வேண்டுமாம். உருட்டுக்கட்டை மாதிரி ஒரு மட்டையை என் கையில் கொடுத்தான். பந்து எப்படியோ பட்டுவிட்டது. நான் கிரிக்கெட் நினைப்பில் பந்து போட்டவனை நோக்கி நேராக ஓடினேன். அவனோ, நான் அடிக்க வருகிறேன் என்று பயந்து ஓடிவிட்டான்.

சேவியர் தரையில் உட்கார்ந்து சிரித்தான். “அண்ணாச்சி, எங்க டீம்லயே உங்களச் சேத்துக்கலாம். அவனுவளும் இப்படித்தான் ஓடுதானுவ.”

கிம் சார் வேறு சைட்டுக்குப் போய்விட்டார். இந்த வருஷம் டீம் படுமோசம். சேவியர் அவருக்கு மெசேஜ் போட்டால் பதில் வந்தது: “சேவியர், திஸ் இயர் ஐ நோ வாட்ச். டீம் கலாஸ்.” முடிந்தது என்பதற்கு இங்கே அரபியில் கலாஸ்.

பிறகு ரூமில் கேட்க வேண்டுமா... ஊர்க்காரனே விட்டுவிட்டான், உனக்கு என்ன வந்தது என்று தினமும் கிண்டல். நானும் கேட்டேன்.

“அவரு அந்த ஊர்லயே பொறந்தவரு அண்ணாச்சி. விடலாம், திரும்பி வரலாம், யாரு கேப்பா? நாம வந்து சேந்த ஆளு. நாம விட்டா, பாத்தியா, வந்தவன் போயிட்டான்னுதான் சொல்லுவானுவ.”

அவனுங்களுக்கு உன்னைத் தெரியவே தெரியாதேப்பா என்றேன்.

“எனக்குத் தெரியும்லா.”

கோடை முடிந்து மதிய ரெஸ்ட்டும் முடிந்தது. ஆட்டம் முடியவில்லை. மதியம் பார்க்க வேண்டுமே என்று ஃபோர்மேனிடம் போய் நைட் டூட்டி கேட்டு வாங்கினான். தானாகக் கேட்டு வாங்கிய முதல் ஆள் நீதான் என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

இதை வைத்துத்தான் கதை கட்டுகிறார்கள். கேளுங்கள். அவன் காலையில் வந்ததும் படுத்துவிடுவான். நேற்றும் நன்றாகத் தூங்கி எழுந்துதான் வந்தான். புளிக்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டான். அப்பளம் இன்னொன்று கேட்டான். ரத்தக்குழாயில் அடைப்பு, ரொம்ப நாளாக இருந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். அவனுக்கே தெரியாது.

இன்று ஜெயித்தால் கடைசி இடத்திலிருந்து ஒரு படி ஏறிவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்து உட்கார்ந்தான்.

நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவன் ஆட்டக்காரர்களைத் தமிழில் திட்டிக்கொண்டே இருப்பான், அது எனக்கு ரேடியோ மாதிரி. நடுவில் திட்டு நின்றது.

ஜெயிக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். நறுக்கிக்கொண்டே இருந்தேன்...

போய்ப் பார்த்தால் கன்னத்தில் கை வைத்தபடி இருக்கிறான். கூப்பிட்டேன். தொட்டேன்.

போனில் மைதானத்துக் கூட்டம் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது.

ராத்திரி அவன் மனைவி பிரிஸ்கா பேசினாள். “தூங்காம கெடந்தாவளா அண்ணாச்சி?” இல்லம்மா, தூங்கி எழுந்து, சாப்பிட்டுத்தான் உட்கார்ந்தான் என்றேன். பிறகு கேட்டாள்: “அவிய டீமு ஜெயிச்சுதா?”

எனக்குத் தெரியவில்லை. அந்த நேரத்தில் யார் பார்த்தார்கள்... கேட்டுச் சொல்கிறேன் என்றேன். ரூம் பையனை விட்டுப் பார்க்கச் சொன்னால், தோல்வி. பொய் சொல்லலாமா என்று கொஞ்ச நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

“தெனமும் எங்கிட்ட சொல்லுவாவ. இனி நீங்க பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி. இந்த வருசத்து ஆட்டம் முடியட்டும்.”

இவ்வளவு எழுதிவிட்டேனே என்று இப்போது ஒரு சந்தோஷம் எட்டிப் பார்க்கிறது. இன்றைக்கு வர வேண்டிய சந்தோஷமா அது...

சேவியர், உன்னை ஊருக்கு அனுப்பப் பேப்பர் வேலை நடக்கிறது. இன்று மதியம் ஆட்டத்தைப் போட்டு ஏசிக்குக் கீழே நான் உட்கார்ந்தேன். கிண்டல் செய்த பயல்கள் வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். நம் ஆட்கள் யார், எதிராளி யார் என்று எங்களுக்குப் பாதி நேரம் புரியவில்லை. திட்டத்தான் ஆளில்லை.

இன்றும் தோல்விதான். பிரிஸ்காவிடம் சொல்லிவிட்டேன்.

அடுத்த வாரம் கடைசி ஆட்டமாம். எந்த இடத்தில் முடித்தார்கள் என்று எழுதுகிறேன். நீ போய் வா.