ஒடிசா மேசையில் ஒரு சட்டி

விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போதே முத்துச்செல்விக்கு எரிச்சல் ஆரம்பித்துவிட்டது. அவனியாபுரத்தை ஒட்டிய ஒரு நடுநிலைப் பள்ளியில் சத்துணவுச் சமையலர் அவள். ‘பல பண்பாடு, ஒரே பள்ளி’ என்று பேனர் அடித்து, வகுப்புக்கு ஒரு மாநிலமாகச் சீட்டுக் குலுக்கினார்கள். ஐந்தாம் வகுப்புக்கு ஒடிசா விழுந்தது. அந்த வகுப்பிலேயே ஓர் ஒடிசாப் பிள்ளை இருந்தாள், சஸ்மிதா. லேத் பட்டறையில் வேலை பார்ப்பவரின் மகள். ஆனால் ஒடிசாப் பெண்ணாக மேசைக்குப் பின்னால் நிற்க, வாடகை உடை எடுத்துக் கொடுத்தது வேறொரு பிள்ளைக்கு.

“ஆபீசர் வர்றாங்க. நல்லாத் தமிழ் பேசுற பிள்ளையா இருக்கணும்ல?” என்றார் வகுப்பாசிரியை ரோகிணி.

முத்துச்செல்வி சமையல்கூடத்துக்குத் திரும்பி, உதவியாள் பாண்டியம்மாளிடம் பொருமினாள். “கேட்டியா கூத்த? ஒடிசாவுக்கு ஒடிசாப் புள்ள ஆகாதாம்!”

“ஒனக்கென்னடி வந்துச்சு? பருப்பக் கிண்டு, அடிப்பிடிக்குது.”

அவளுக்கு என்ன வந்தது என்பது பாண்டியம்மாளுக்கும் தெரியும். பதினோரு வருடத்துக்கு முன்னால் முத்துச்செல்வி வேலைக்குச் சேர்ந்தபோது, மற்றத் தெருக்காரர்கள் தங்கள் பிள்ளைகளை அவள் கையால் சாப்பிடக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். அவள் தெருவில் எல்லோரும் ஒரு காலத்தில் அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். காரணம் அது ஒன்றுதான். இருபத்திரண்டு நாள் அவள் நூற்றைம்பது பேருக்கு வடித்தாள். தட்டோடு வந்து நின்றது அவள் தெருப் பிள்ளைகள் ஒன்பது பேர். மிச்சத்தை அவளே சுமந்துபோய் மாட்டுத் தொட்டியில் கொட்டினாள். பிறகு அதிகாரிகள் வந்து பேசினார்கள், பிள்ளைகள் சாப்பிட உட்கார்ந்தார்கள். யாரும் அவளிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. அன்று தடுத்தவர்களே இப்போது, “முத்துச்செல்வி சாம்பார் மாதிரி வராது” என்கிறார்கள். அதைக் கேட்டால் அவளுக்கு இன்னும் ஆத்திரம்தான் வரும். புளியும் அதேதான், கையும் அதேதான்.

சஸ்மிதா ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த புதிதில் நாலு நாள் சாம்பார் சோற்றைத் தொடவே இல்லை. முத்துச்செல்விதான் அவள் அம்மா பாசந்தியைத் தேடிப்போய், அரைகுறைத் தமிழிலும் கை ஜாடையிலும் விசாரித்து வந்தாள். உருளைக்கிழங்கை வேகவைத்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டு மசித்துக் கொடுத்த பிறகே பிள்ளை வாயைத் திறந்தது.

விழா அன்று, ‘உங்கள் வீட்டு உணவைக் கொண்டு வாருங்கள்’ என்று பள்ளி கொடுத்த தாளை நம்பி, பாசந்தி ஒரு மண்சட்டியோடு வந்தாள். சஸ்மிதா பக்கத்தில் வறுத்த வடகமும் சுட்ட கத்திரிக்காயும் வைத்த தட்டை ஏந்தி நின்றாள். ரோகிணி டீச்சர் சட்டியைத் திறந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“என்னம்மா இது, பழைய சோறா?”

“பகாளா, டீச்சர். எங்க ஊர் சாப்பாடு. தயிர் போட்டிருக்கு.”

“ஆபீசர் வர்ற நேரத்துல புளிச்ச சோத்தத் தூக்கிட்டு வந்திருக்கீங்களே! அந்தப் பக்கம் கொண்டுபோய் வைங்க.”

அந்தப் பக்கம் இருந்தது கழுநீர் வாளி. பாசந்தி அதன் பக்கத்தில் சட்டியை இறக்கினாள். ஒடிசா மேசையில் பேக்கரியில் வாங்கிய டப்பா ரசகுல்லா ஜோராக உட்கார்ந்திருந்தது.

சமையல்கூட வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த முத்துச்செல்விக்குக் காது மடல் சூடேறியது. விறுவிறுவென்று வந்தாள். சட்டியை எடுத்தாள். ரசகுல்லா டப்பாவை ஓரமாகத் தள்ளி, சட்டியை மேசை நடுவில் வைத்தாள்.

“டீச்சர், முந்தாநாளு ஒங்க டிபன்ல என்ன இருந்துச்சு?”

“அது எதுக்கு இப்ப?”

“பழைய சோறும் மோர் மொளகாயும். கழுவி வச்சவ நான். நீங்க தின்னா ஒடம்புக்குக் குளிர்ச்சி, அவுக தின்னா கழுநீரா?”

“அது வீட்டுக்கு. இது விழா.”

“வீட்டுல திங்கிறதக் கொண்டாரச் சொல்லித்தான பேப்பர் குடுத்தீக?”

கூட்டம் கூடிவிட்டது. தலைமையாசிரியர் நல்லகாமன் ஓடி வந்தார். “முத்துச்செல்வி, போய் ஒன் வேலையப் பாரு. கார் தெரு முக்குல வந்துருச்சு.”

“போறேன் சார். இந்தப் புள்ள மேசைக்குப் பின்னால நிக்கட்டும், மறு நிமிசம் போறேன். இல்லன்னா வர்ற ஆபீசர்ட்ட, ஒடிசாக்காரிய வெளிய நிப்பாட்டிட்டு ஒடிசாவக் கொண்டாடுறாகன்னு நானே சொல்றேன்.”

ஹாரன் சத்தம் கேட்டது. நல்லகாமன் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினார். சஸ்மிதா துவைத்து வெளுத்த பள்ளிச் சீருடையிலேயே மேசைக்குப் பின்னால் போய் நின்றாள்.

வந்த ஆபீசர் போனில் பேசிக்கொண்டே ஒரு ரசகுல்லாவை வாயில் போட்டுக்கொண்டு, போட்டோவுக்கு நின்றுவிட்டுப் போனார். சட்டியை ஏறிட்டும் பார்க்கவில்லை. பிள்ளைகள் பார்த்தார்கள்.

“ஏய், இது எங்க வீட்டுச் சோறுதான!” என்று ஒருத்தி கத்தினாள்.

“இல்ல, எங்க வீட்டுச் சோறு. வடகம் ஒண்ணுதான் தரேன், தள்ளாத!” என்று சஸ்மிதா கறாராகச் சொன்னாள், சுத்த அவனியாபுரத் தமிழில். மத்தியான மணி அடிப்பதற்குள் சட்டி காலி. பாசந்தி அதை வாங்கிக்கொண்டு, ரோகிணி டீச்சர் பக்கம் திரும்பாமலே நடந்தாள்.

மறுநாள் முத்துச்செல்விக்கு மெமோ. ‘விழாவின் ஒழுங்கைக் கெடுத்ததற்கு வருத்தம் தெரிவிக்கிறேன்’ என்று டைப் அடித்து வைத்து, கீழே கையெழுத்துப் போடச் சொன்னார் நல்லகாமன்.

அவள் எழுத்துக்கூட்டி முழுதாகப் படித்தாள். “பேரு மாறிப்போச்சு சார். யாரு வருத்தப்படணுமோ அவுக பேரப் போட்டுக் கொண்டாங்க. சாட்சிக் கையெழுத்து நான் போடுறேன்.”

தாள் இன்னும் கையெழுத்தில்லாமல் அவர் மேசையில் கிடக்கிறது. முத்துச்செல்வி தினமும் ஒன்பது மணிக்கு வந்து உலை வைத்துவிடுகிறாள்.