பொட்டு வைத்த படிகம்

பெருமாட்டி ஊர்க்காரி மயிலாத்தாளுக்கு எதையாவது துடைக்காவிட்டால் கை நிற்காது. சிற்றூர் டவுன் பக்கம் அவள் உதவியாளாக வேலை பார்த்த கல்லூரி லேபில் தூசியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அவளே தொடப் பயந்தது ஒன்றே ஒன்று, ஞானஜோதி டீச்சர் உப்புக் கரைசலில் வளர்த்த படிகம். நாற்பது நாள் தொட்டியின் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து அதைக் காத்தவள் மயிலாத்தாள்தான். பெற்ற பிள்ளைக்குக்கூட அப்படிக் காவல் இருந்ததில்லை.

லேசரின் சிவப்பு வெளிச்சத்தைப் படிகத்துக்குள் விட்டு, பேச்சை மின்சாரமாக்கி அதற்குக் கொடுத்தால், பேச்சுக்குத் தக்கபடி வெளிச்சம் கூடிக் குறையும். ஹாலின் மறுகோடியில் அதைப் பிடித்துத் திரும்பப் பேச்சாக்கலாம். இதைப் பார்க்கத் திருவனந்தபுரத்திலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது.

1976 ஆயுதபூஜை விடுமுறைக்கு டீச்சர் நாகர்கோவில் போயிருந்தார். தராசு முதல் லேசர் குழாய் வரை மயிலாத்தாள் சந்தனம் வைத்தாள். படிகத்தை மட்டும் விட்டுவிட மனசு வரவில்லை. அதற்கும் ஒரு பொட்டு வைத்தாள். மறுநாள் ஈரத்துணியால் துடைத்ததும் படிகம் பால்போல வெளுத்துவிட்டது. அது தண்ணீரில் கரையும் உப்பு என்று தெரியாதவளா? பூஜை என்றதும் புத்தி எங்கே போனதோ!

திரும்பி வந்த டீச்சர் படிகத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். உள்ளேயே வெள்ளை ஓடியிருக்கிறது, வளர்த்ததில் தன் தப்பு என்றார். நிரந்தரமாகாத வேலை, மயிலாத்தாள் வாயைத் திறக்கவில்லை. இரண்டு நாள் துடைத்த மேஜையையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். மூன்றாம் நாள், யாரும் வர வேண்டாம் என்று எழுதிய கடிதத்தைத் தபாலில் போடும்படி டீச்சர் அவளிடமே நீட்டினார். அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை.

"உங்க தப்பு இல்லீங்க டீச்சர். நாந்தானுங்க பொட்டு வெச்சு ஈரத்துணியில தொடச்சேன்."

டீச்சர் கத்தவில்லை. எந்தப் பக்கம் துடைத்தாள் என்று இரண்டு தடவை கேட்டார், கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மேல்பரப்பு மட்டும் கெட்டிருந்தால் தேய்த்து எடுத்துவிடலாமாம். கண்ணாடிப் பலகையில் பட்டுத்துணியை இழுத்துக் கட்டி, ஈரம் பட்டும் படாமலும் காட்டி, இருவரும் மாற்றி மாற்றித் தேய்த்தார்கள். சாயங்காலம் படிகம் தெளிந்தது. அவள் சொல்லாமல் இருந்திருந்தால் அது குப்பைக்குப் போயிருக்கும்.

மறுநாள் படிகத்தைப் பொருத்தி, மைக்கை அவளிடம் கொடுத்து ஏதாவது பேசச் சொல்லிவிட்டு, டீச்சர் ஹாலின் மறுகோடிக்குப் போனார். மயிலாத்தாளுக்கு வேறு எதுவும் வாயில் வரவில்லை.

"பயமா இருந்துச்சுங்க டீச்சர். அதனாலதான் ரெண்டு நாளாச் சொல்லுலீங்க," என்றாள், தன் காதுக்கே எட்டாத குரலில்.

அங்கே ஒலிபெருக்கி கரகரத்து, அதையே திரும்பச் சொன்னது. டீச்சர் அங்கிருந்தே கையை உயர்த்தினார்.

"கேட்டுது மயிலாத்தாக்கா," என்றார்.