பதினேழு இரண்டு, பதினெட்டு இல்லை

எங்கள் கம்பெனியில் கிறிஸ்துமஸ் பிப்ரவரியிலேயே தொடங்கிவிடும். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வெளிநாட்டு சாக்லேட் கடைகளுக்குப் பரிசுப்பெட்டி செய்கிற இடம் அது. தடித்த அட்டையின் மேல் விலை உயர்ந்த காகிதம் ஒட்டி, தங்க எழுத்து பதித்து அனுப்புவோம். நான் பிளானிங்கில் இருக்கிறேன். நாட்களைப் பின்னாலிருந்து எண்ணுவதுதான் என் வேலை. நவம்பரில் பெட்டி கடைக்கு வர வேண்டுமென்றால் செப்டம்பரில் கப்பல் ஏற வேண்டும். அதற்கு ஜூலையில் ஒட்ட ஆரம்பிக்க வேண்டும். காகிதம் வெளிநாட்டிலிருந்து வருவதால் ஏப்ரலுக்குள் ஆர்டர் போய்விட வேண்டும்.

அந்த வருஷம் வந்தது இருபத்தினாலு குட்டி டிராயர் வைத்த பெட்டி. டிசம்பர் ஒன்றிலிருந்து தினம் ஒரு டிராயரைத் திறந்து ஒரு சாக்லேட் எடுத்துச் சாப்பிடுவார்களாம்.

ஏப்ரல் முதல் வாரத்தில் என் வீட்டுக்காரர் இறந்துபோனார். அத்திப்பட்டு பக்கம் கான்ட்ராக்டில் வெல்டராக இருந்தார். காலையில் வேலைக்குக் கிளம்பி, ஷூ மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. ஆரம்பாக்கத்தில் அடக்கம் செய்தோம். நான் அழவில்லை. மாமியார் என்னைப் பிடித்து உலுக்கினார். அப்போதும் அழுகை வரவில்லை.

பன்னிரண்டாம் நாள் வழக்கமான ரயிலைப் பிடித்து வேலைக்குப் போனேன். இன்னும் கொஞ்ச நாள் வீட்டில் இருக்கச் சொன்னார் மேனேஜர். காகித ஆர்டர் நிற்கிறதே சார் என்றேன். அன்று மேஜையில் இருந்த எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டேன். டிராயர்களின் எண்களை அச்சடிக்குமுன் சரிபார்க்க வேண்டிய மாதிரித் தாளும் அதில் ஒன்று. எதையும் நான் படித்ததாக ஞாபகம் இல்லை. ஃபேன் சத்தம் மட்டும் ஞாபகம் இருக்கிறது.

மே, ஜூன் இரண்டும் எப்படிப் போயின என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ரயில் ஏறினேன், இறங்கினேன். சாப்பாட்டு டப்பாவை அப்படியே திருப்பிக் கொண்டுபோன நாட்களும் உண்டு.

ஜூலையில் ஒட்டும் வேலை ஆரம்பித்த முதல் நாள், லைன் சூப்பர்வைசர் அக்கா என் மேஜைக்கு வந்தார். பெரியபாளையத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கையில் ஒரு பெட்டி வைத்திருந்தார். கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"இத்த பாரும்மா. பதினேழு ரெண்டு கீது. பதினெட்டு இல்ல."

பார்த்தேன். ஆமாம். எண் தாள்கள் மொத்தமும் அச்சாகிவிட்டன. மாதிரித் தாளை எடுத்துப் பார்த்தால் அதிலும் அப்படியேதான் இருந்தது, கீழே என் கையெழுத்தோடு.

அக்கா பெட்டியை மேஜையில் வைத்தார். பிறகு, "அவரு போன தேதியா அது?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். பதினெட்டில் எங்களுக்கு எதுவுமே நடந்ததில்லை. கல்யாணம் அன்றில்லை, பிறந்த நாளும் அன்றில்லை. ஏதாவது இருந்திருந்தால் தேவலை என்றுகூட அப்போது தோன்றியது.

மேனேஜரிடம் நானே போய்ச் சொன்னேன். எழுதிக் கொடுக்கச் சொன்னார். பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று ஒரே வரி எழுதினேன். அவர் அதை வாங்கிப் படித்துவிட்டு, எத்தனை நாள் கையில் இருக்கிறது என்று கேட்டார். அட்டவணையைத் திறந்தேன். மழை, மின்தடை என்று ஏதாவது வந்தால் இருக்கட்டும் என்று மூன்று வாரம் விட்டுவைத்திருந்தேன். பிப்ரவரியில் நான் போட்ட கணக்கு அது. அதைப் போட்டவள் வேறு யாரோ போல இருந்தது. எண் தாளை மட்டும் திரும்ப அச்சடித்தால் கப்பலைப் பிடித்துவிடலாம்.

திருத்திய மாதிரித் தாள் வந்தபோது அக்காவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இந்த தபா ஒவ்வொரு நம்பர் மேலயும் வெரல வச்சினு வாய் விட்டுப் படி. நான் கேட்டுக்கினு இருக்கேன்."

ஒன்றிலிருந்து படித்தேன். ஒன்பதிலோ பத்திலோ குரல் கம்மிவிட்டது. ஏன் என்று தெரியவில்லை. அக்கா தண்ணீர் பாட்டிலைத் தள்ளி வைத்தார். குடித்துவிட்டு இருபத்தினாலு வரை படித்து முடித்தேன். கையெழுத்துப் போட்டேன். அவரையும் கீழே போடச் சொன்னேன். தன் பெயரை எழுத்துக் கூட்டுவதுபோல் நிதானமாகப் போட்டார்.

கன்டெய்னர் சொன்ன நாளில் கிளம்பியது. டிசம்பரில் எங்கள் வீட்டில் ஸ்டார் கட்டவில்லை. மாமியார் சர்ச்சுக்குக் கிளம்பினார், நானும் கூடப் போனேன். பாட்டுகள் எல்லாம் தெரிந்த பாட்டுகள்தான். வாய் பாடியது.

இந்த வருஷம் பச்சை நிறம் கேட்டிருக்கிறார்கள், பன்னிரண்டு டிராயர். காகிதத்துக்கு ஆர்டர் போய்விட்டது.