வால் நறுக்கிய கெண்டைகள்

எங்கள் ஓடையில் மீன் அற்றுப்போனதற்கு மழையைக் குறை சொல்வார்கள், சாயத் தண்ணீரைக் குறை சொல்வார்கள். என்னை யாரும் சொன்னதில்லை.

தாமல் ஏரியிலிருந்து வரும் அந்த ஓடையில் வலை வீசித்தான் அப்பா எங்களை வளர்த்தார். வருடாவருடம் மீன் குறைந்துகொண்டே வந்தது. ஓடையில் மீன் குஞ்சு விடச் சொல்லி அவர் மனு மேல் மனு கொடுத்து, நான் நாலாவது படிக்கும்போது ஒருவழியாக மீன்துறையிலிருந்து இரண்டு பேர் எவ்வளவு மீன் இருக்கிறது என்று அளக்க வந்தார்கள். நாற்பது கெண்டைகளைப் பிடித்து, வால் நுனியைக் கத்தரித்து, திரும்ப ஓடையிலேயே விட்டார்கள். பத்து நாள் கழித்து மறுபடி வலை போடுவார்களாம். வால் நறுக்கியது நிறைய வந்தால் ஓடையில் மீன் கொஞ்சம்தான் என்று அர்த்தம், குஞ்சு கிடைக்கும். அப்பா இதை அம்மாவிடம் மூன்று முறை விளக்கினார். என் காதில் கத்தரிக்கோல் சத்தம்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் அம்மா வேண்டிக்கொண்டு, ஒரு மீனை உயிரோடு கோயில் குளத்தில் விடுவாள். அங்கே யாரும் வலை போட மாட்டார்கள். அடிபட்ட இந்த மீன்களுக்கும் அதுதான் ஆஸ்பத்திரி என்று நானாக முடிவு செய்தேன். பங்குனி வெயிலில் ஓடை முழங்கால் அளவுக்கு வற்றிக் கிடந்தது. பள்ளி விட்டதும் கூடையைக் கவிழ்த்துப் பிடிப்பேன். வால் நறுக்கியதை மட்டும் குடத்தில் போட்டுக் குளத்துக்குத் தூக்கிப் போவேன். முப்பதுக்கு மேல் இருக்கும். வெளியே சொன்னால் புண்ணியம் போய்விடும் என்று அம்மா சொல்லியிருந்ததால் வாயே திறக்கவில்லை.

பத்தாம் நாள் வலையில் வால் நறுக்கியது ஒன்றே ஒன்று வந்தது.

"ஏராளமா மீன் இருக்குதுபா. குஞ்சு தேவைப்படாது," என்றார் அதிகாரி.

"தெனம் எறங்கறவன் சொல்றேன் சார். ஓடையில மீன் இல்ல."

"நீ சொல்றத எழுத முடியுமா? கணக்கு இப்படித்தானே வருது."

குஞ்சு வரவில்லை. மறு வருடம் அப்பா வலையைப் பரணில் போட்டுவிட்டு, ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன் வேலைக்குப் போனார். இன்றும் லீவு நாளில் பொரி வாங்கிக்கொண்டு கோயில் குளத்துக்குப் போகிறார். அங்கே கெண்டை கொழித்துக் கிடக்கிறதாம். என்னையும் கூப்பிடுவார். எனக்குக் கால் வருவதில்லை. சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை வாயெடுத்து, முடியாமல் போயிருக்கிறது.

அன்று அதிகாரிகள் கிளம்பிய பிறகு அப்பா கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "நாப்பதுல மிச்சமெல்லாம் எங்கமா போயிருக்கும்?" என்று என்னைத்தான் கேட்டார். புண்ணியம் போய்விடுமே என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். ஏராளம் என்பது நல்ல சேதிதானே, இவர் ஏன் இப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று விளங்கவில்லை. அவர் முதுகில் தொங்கிக்கொண்டு, இனிமேல் தினமும் மீன் குழம்பா அப்பா என்று கேட்டேன்.